பொடக்காலிக் கயிறு

மயில்சாமி வீட்டு மொட்டை மாடிக்குப் போனால், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாக்கட்டியால் எழுதிய சில வரிகளை இன்றைக்கும் படிக்கலாம். ‘பச்சைப் பாக்கெட், ரெண்டு கரண்டி, நுரை இல்லை.’ ‘ஊதாப் பாக்கெட், ஒன்றரைக் கரண்டி, நுரை உண்டு, வாசம் அதிகம், ஆராயி தும்மினாள்.’ ‘கட்டி சோப்பு, உப்புத் தண்ணியில் தயிராகத் திரிகிறது.’ ஏதோ விஞ்ஞானி குடியிருக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். எட்டாவதோடு படிப்பை முடித்துக்கொண்ட மனிதர். போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் இருபத்தெட்டு வருஷம் டிரில்லராக இருந்தவர். எத்தனையாவது அடியில் என்ன கல், எத்தனையாவது அடியில் ஈரம் என்று குறித்துக் குறித்தே பழகிய கை, சோப்புத்தூளைக் கண்டால் மட்டும் சும்மா இருக்குமா?

ஊர் சேந்தமங்கலத்துக்குப் பக்கம். மாடியில் நின்றால் கிழக்கே கொல்லிமலை முழுசாகத் தெரியும். அந்த வீட்டைக் கட்டியவர் மயில்சாமி, குடியிருந்தவள் அவர் மனைவி சௌந்திரம். தீபாவளி முடிந்ததும் ரிக் வண்டி வடக்கே கிளம்பிவிடும். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று ஊர் ஊராகத் துளை போட்டுவிட்டு, அங்கே மழை பிடித்தால்தான் திரும்பும். ஆடியில் வந்து இறங்குகிறவருக்கு வீட்டில் விருந்தாளி மரியாதை நடக்கும். ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த மனிதர் வீட்டுப் போரில் வந்ததோ, வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். இதைச் சொல்லி ஊரே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரித்துக்கொள்வார், வேறென்ன செய்வது.

போன வருஷம் இடுப்பு மக்கர் செய்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் ரிக் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஐம்பத்து நாலு வயதில் மயில்சாமி ஒரேயடியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மகள் பிரவீனா கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள். சௌந்திரம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். காலையில் எட்டரைக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவாள். அந்த நேரம் முழுக்க இவர் என்ன செய்வது? சமையலறைக்குள் எட்டிப் பார்த்தால், “சித்தெ அக்கட்ட ஒக்காருங்க, கைல சுட்டுப்போடும்,” என்பாள். கூட்டுகிறேன் என்று விளக்குமாற்றை எடுத்தால், மூலையில் விட்ட தூசியை அவர் பார்க்காத நேரத்தில் அவளே போய்க் கூட்டுவாள். ஒரு மாதம் இப்படி விருந்தாளியாக உட்கார்ந்தே சலித்துப்போனவர், ஒருநாள் துவைக்கும் வேலையைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டார்.

அவருக்குத் துவைக்கத் தெரியாது என்று சொன்னால் அது பொய். ரிக்கில் அவர்கள் துவைத்த அழகே தனி. பெரிய டிரம்மில் பத்துப் பேர் துணியையும் போட்டு, சோப்புத்தூளைக் கொட்டி, கம்ப்ரசர் ஹோஸை உள்ளே விட்டுக் கொஞ்சமாகக் காற்றைத் திறந்தால், மூன்று நிமிஷத்தில் வேலை முடிந்தது. காயப்போடுவது இன்னும் சுலபம். வண்டிக் கம்பத்தில் கட்டிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட வேண்டியதுதான். நாக்பூர் ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் போவதற்குள் சட்டை மொறமொறவென்று காய்ந்துவிடும். சில சட்டை நாக்பூரிலேயே தங்கிவிடும், அது வேறு விஷயம்.

இந்த அனுபவத்தோடு இறங்கியவர் முதல் வாரமே மாட்டிக்கொண்டார். சௌந்திரத்தின் நீலச் சேலையை நல்ல உச்சி வெயிலில் மொட்டை மாடியில் விரித்துப் போட்டு, சாயங்காலம் வரைக்கும் எடுக்காமல் விட்டார். மேல்மடிப்பு வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. சௌந்திரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சாயச் சேலைய வெய்யில்ல போடுவாங்களா? நெழல்லதானுங்க ஒணத்தோணும்,” என்று மட்டும் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் அன்றோடு போயிருக்கும். சௌந்திரம் அப்படிப்பட்டவள் இல்லை. மறுநாளிலிருந்து விடிவதற்கு முன்பே எழுந்து தன் சேலைகளைத் தானே அலசி, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பொடக்காலியில் ஒரு கயிறு கட்டி, வேப்பமர நிழலில் உலர்த்திவிட்டுப் போய்விட்டாள்.

அவர் துவைக்கிற துணிக் கூடைக்கு அவருடைய லுங்கி, பனியன், படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் வரும். அவள் சேலை மட்டும் வராது. தினமும் காலையில் பல் துலக்கப் பொடக்காலிக்குப் போனால், ஈரச் சேலை ஒன்று அந்தக் கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.  கட்டினவளே தன் சேலையை நம்பிக் கொடுக்காத வீட்டில், தான் இருந்தென்ன, ரிக்கோடு போயிருந்தென்ன என்று மயில்சாமிக்குத் தோன்றும். அந்தக் கயிறு காலியாக வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை. அதற்காகத்தான் சுவரில் அத்தனை எழுத்து, அத்தனை பாக்கெட்டு. உப்புத் தண்ணீரில் துவைத்தால் துணி விறைத்துக்கொள்கிறது என்று தெரிந்ததும், கடைசி அலசலுக்குத் தெருக்குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் குடம் குடமாகத் தூக்கிவந்தார். இடுப்பு ‘வேண்டாம் வேண்டாம்’ என்றது, யார் கேட்டார்கள்.

அடுத்த வீட்டு ஆராயி தன் மாடியில் மிளகாய் காயவைத்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பாள். “ஏனுங்ணா, போர் போடறதுக்குக்கூட இத்தன யோசன பண்ணியிருக்க மாட்டீங்களாட்ட இருக்குது,” என்பாள்.

“போர்ல தண்ணி வல்லீன்னா அடுத்த பாயிண்டு பாக்கலாம் ஆராயி. இங்க எனக்கு இருக்கறது ஒரே பாயிண்டு,” என்பார் இவர்.

இப்படி இருக்கும்போது பங்குனியில் மாரியம்மன் நோம்பி வந்தது. கடைசி நாள் புதன்கிழமை, கோயில் முன்னால் நட்ட கம்பத்தை எடுத்துப் போய்த் தண்ணீரில் விடுகிற அன்றைக்கு மஞ்சள் நீராட்டு. முறை உள்ளவர்கள் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சத்தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். மாமன் மச்சான், அத்தை மகள், கொழுந்தியாள் யாரும் தப்ப முடியாது. புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்லவே வேண்டியதில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு பங்குனிக்குக்கூட மயில்சாமி ஊரில் இருந்ததில்லை. பள்ளிபாளையத்திலிருந்து வந்திருந்த சௌந்திரத்தின் தம்பி அருணகிரி, இத்தனை வருஷத்துப் பாக்கியையும் சேர்த்து ஒரு முழுக் குடத்தை அவர் தலையில் கவிழ்த்தான். மேளம் அடிக்கிறது, தெருவே மஞ்சளாக ஓடுகிறது. மயில்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சொம்பு நிறைய மஞ்சத்தண்ணீரை மொண்டுகொண்டு வீட்டுக்கு ஓடினார்.

உள்ளே சௌந்திரம் பீரோக் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். புது ஜாக்கெட் முதுகில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்தவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தோளோடு சேர்த்து ஒரே ஊற்றாக ஊற்றிவிட்டார்.

ஊற்றின பிறகுதான் சேலையைப் பார்த்தார். வெள்ளையும் இல்லாமல் சந்தனமும் இல்லாமல் ஒரு நிறம், அரக்குக் கரை போட்ட பருத்திச் சேலை. எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தே பழகின சௌந்திரம், தனக்கென்று தானே கடைக்குப் போய், பத்துச் சேலையைப் பிரித்துப் பார்த்து எடுத்த முதல் சேலை. சனிக்கிழமை பள்ளிக்கூடத்து ஆண்டு விழா. இருபத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டதற்காக அவளை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். அந்த மேடைக்கு எடுத்த சேலை தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

சௌந்திரம் கத்தவில்லை. சேலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உதடு ஒரு பக்கம் கோணியது. அழப்போகிறாள் என்று மயில்சாமி முடிவு கட்டிவிட்டார்.

“இது சனிக்கெழமைக்கு எடுத்ததுங்க,” என்றாள்.

“அவுத்துக் குடு. நான் போக்கித் தாரேன்,” என்றார். சொன்ன பிறகு தனக்கே பயமாக இருந்தது. இருந்தாலும் விடவில்லை. “சனிக்கெழம நீ இதையேதான் கட்டிக்கிட்டு மேடைல ஏறுவ. இல்லீன்னா இந்தக் கூடைய இனிமே நான் தொட மாட்டேன்.”

சௌந்திரம் சொட்டுகிற முந்தானையைப் பிழிந்தாள். “செரிங்க,” என்றாள். வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து, ஈரச் சேலையை மடித்து அவர் கூடையில் வைத்தாள். எட்டு மாதத்தில் அந்தக் கூடைக்கு அவளுடைய சேலை வந்தது அன்றைக்குத்தான். அதுவும் இந்த லட்சணத்தில் வந்தது.

மயில்சாமி நேரத்தை வீணாக்கவில்லை. இருப்பதிலேயே நன்றாக நுரைக்கிற ஊதாப் பாக்கெட்டைக் கரைத்துச் சேலையை அமுக்கினார். அமுக்கிய கையை எடுத்துப் பார்த்தார். மஞ்சள் இருந்த இடமெல்லாம் ரத்தமாகச் சிவந்துவிட்டது! முதலில் தன் விரலில்தான் வெட்டுப்பட்டிருக்கிறது என்று நினைத்துப் பத்து விரலையும் எண்ணிப் பார்த்தார். அப்புறம் அவசரமாகக் காவிரித் தண்ணீரில் நாலு தடவை அலசினார். சிவப்பு போய் மறுபடி மஞ்சளாயிற்று. அப்பாடா என்று கட்டி சோப்பைப் போட்டார். மறுபடியும் சிவப்பு. சமையலறையில் புழங்குகிற எந்தப் பெண்பிள்ளைக்கும் மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்று தெரியும். இருபத்தெட்டு வருஷம் பாறையோடு குடித்தனம் நடத்தியவருக்கு எப்படித் தெரியும்?

வியாழக்கிழமை காலையில் காளிதாஸ் கடைக்குப் போய், இருக்கிற சோப்புத்தூளில் எல்லாம் ஒவ்வொன்று கேட்டார். காளிதாஸ் மாலை மாலையாகத் தொங்கிய சாஷேக்களைக் கிழித்துக் கிழித்துப் போட்டான்.

“ஏனுங்ணா, ஊட்ல விசேசமுங்களா?”

“சாம்பிளு பாக்கறேன்.”

“சாம்பிளா? தூளையா, தண்ணியையா?”

“என் தலையெழுத்த,” என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்றைக்குச் சுவரில் எழுதியது இது: ‘எந்தச் சோப்பானாலும் சிவப்பு. அலசினால் மஞ்சள். சிக்னல்தான். பச்சை மட்டும் விழ மாட்டேன் என்கிறது.’ கறை லேசாகக் குறைந்திருந்தது, ஆனால் போகவில்லை. போனில் வீடியோ பார்த்தார். ஒருத்தி எலுமிச்சம்பழம் என்றாள், ஒருத்தி பல் துலக்குகிற பேஸ்ட் என்றாள், இன்னொருவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தன் சேனலைப் பார்க்கச் சொன்னார். பிளீச்சிங் பவுடரைப் போடலாமா என்று ஒரு யோசனை வந்தது. நல்லவேளை, முதலில் தன் பனியனில் போட்டுப் பார்த்தார். பனியன் மாவு சலிக்கிற பதத்துக்கு வந்துவிட்டது.

மகளைக் கூப்பிட்டார். பிரவீனா கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஸீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்திருப்பார்கள்.

“அம்மாகிட்டயே கேளுங்கப்பா. அம்மாவுக்குத் தெரியாத கறையா?”

“அது மட்டும் முடியாது சாமி. அதுக்கு அந்தச் சேலையக் கூடைக்கே வாங்காம இருந்திருக்கலாம்.”

மத்தியானம் சேலையைக் காயப்போட்டார். நீலச் சேலையில் பட்ட பாடு நினைவில் இருந்ததால் இந்தத் தடவை ரொம்ப ஜாக்கிரதை. சாயச் சேலை நிழலில்தானே உலர வேண்டும்? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மத்தியான வெயில் எட்டிப் பார்க்காத இடத்தில் கயிறு கட்டி விரித்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் மஞ்சள் அப்படியே சிரித்துக்கொண்டிருக்கிறது. சேலையை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தார். சௌந்திரம் பீரோவிலிருந்து பழைய பச்சைச் சேலை ஒன்றை எடுத்து நாற்காலியில் போட்டிருந்தாள்.  மயில்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை அந்தப் பச்சைச் சேலை மேடை ஏறினால், பொடக்காலிக் கயிறு சாகும்வரைக்கும் அங்கேதான் ஆடும் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, கடைசியாக மிச்சமிருந்த ஒரு சாஷேயோடு மாடிக்கு ஏறினார். கயிற்றில் கிடந்த சேலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கொல்லிமலைப் பக்கமிருந்து ஏறின காலை வெயில் தொட்டி ஓரமாக வந்து சேலையின் பாதியில் விழுந்திருந்தது. வெயில் பட்ட பாதியில் மஞ்சளைக் காணோம்! நிழலில் கிடந்த பாதியில் மஞ்சள் அப்படியே இருந்தது. நடுவில் கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு. கல் மாறி ஈரம் தட்டுகிற அடியில் ரிக் சத்தம் மாறுமே, அந்தச் சத்தம் அவர் காதுக்குள் கேட்டது.

“ஏனுங்ணா, சேலையப் பாத்து இப்படிச் சொக்கி நிக்கறீங்க?” என்றாள் ஆராயி.

“தண்ணி வந்துருச்சு ஆராயி!” என்று கத்தினார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

சேலையை இழுத்து நட்ட நடு மாடிக்குக் கொண்டுவந்தார். விரிக்கப் போகும்போதுதான் அரக்குக் கரை கண்ணில் பட்டது. மஞ்சளைத் தின்கிற வெயில் அரக்கை மட்டும் விட்டுவைக்குமா? நீலச் சேலையை மறக்க முடியுமா? கீழே ஓடி, வீட்டில் இருந்த துண்டு, லுங்கி, தலையணை உறை எல்லாவற்றையும் அள்ளிவந்தார். சேலையின் கரை நெடுகிலும் அவற்றைப் போர்த்திக் கிளிப் மாட்டினார். கரைக்கு நிழல், உடம்புக்கு வெயில். முப்பத்திரண்டு கிளிப்பும் தீர்ந்து, கடைசியில் ஆராயியிடம் ஆறு கடன் வாங்கினார். அரைமணிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்தார், நிழல் நகர நகரத் துண்டையும் நகர்த்தினார். மத்தியானச் சோற்றை மாடியிலேயே நின்றபடி தின்றார். காக்கை ஒன்று தொட்டிமேல் வந்து உட்கார்ந்தபோது அதோடு அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

இரண்டு மணிக்கு மலைமேல் மேகம் கட்டியது. மயில்சாமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு மலையைப் பார்த்தார். “இந்தா, நாலு மணி வரைக்கும் பொறு. அப்பறம் நீ என்ன வேணாலும் கொட்டு,” என்றார். கடைசித் திட்டு தோள்மடிப்பில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு இருந்தது. அதை வெயிலுக்கு நேராகக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். கை வலித்தது, இடுப்பு வலித்தது, திட்டு கரைந்து கரைந்து வந்தது. நாலு மணிக்கு முதல் தூறல் விழுந்தபோது, சேலை அவர் மார்போடு படியிறங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் தானே இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்ச் சௌந்திரத்திடம் கொடுத்தார். அவள் அதைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தோள்பக்கம் பார்த்தாள், கொசுவம் பார்த்தாள், முந்தானையைத் திருப்பிப் பார்த்தாள். கரை புதுசு மாதிரியே இருந்தது.

“ஒரு சொட்டு இருந்தாக் காட்டு பாக்கலாம்,” என்றார் மயில்சாமி.

“ஒரு சொட்டுகூட உடலீங்களா?”

“எங்க? தேடிப் பாரேன்!”

“உட்டிருக்கலாமுங்க,” என்றாள்.

மயில்சாமிக்கு விளங்கவில்லை. சௌந்திரம் சேலையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, அதன் தோள்மடிப்பை உள்ளங்கையால் நீவினாள்.

“நோம்பிக்கு நோம்பி, மஞ்சத்தண்ணி அன்னைக்கு, இருக்கறதுலயே பழைய சேலையாப் பாத்துக் கட்டிக்குவனுங்க. நீங்க எங்கயோ கல்லொடச்சுட்டு இருப்பீங்கன்னு தெரியும். தெரிஞ்சும் கட்டுவேன். திடீர்னு வந்து நின்னு ஊத்திட்டா நல்ல சேல பாழாப் போயிருமேன்னு. இருவத்தெட்டு வருசம் கட்டுனேன். இந்த வருசம் நீங்க ஊர்லயே இருந்தும், காலைலயே மச்சானுங்ககூடப் போயிட்டீங்க. இனி என்னைய எங்க நெனைக்கப் போறீங்கன்னு புதுசக் கட்டிப் பாத்துட்டு நின்னேன். அன்னைக்குத்தான் வந்து ஊத்தறீங்க.”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். உதடு ஒரு பக்கம் கோணியது. புதன்கிழமை கண்ணாடி முன்னால் கோணியதும் இதே சிரிப்புதான் என்று மயில்சாமிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க, “அப்ப வெய்யில்ல போட்டாப் போயிரும்னு உனக்கு முன்னாலயே தெரியுமா புள்ள?” என்று கேட்டார்.

“மஞ்சக் கறைக்கு வெய்யிலுதான்னு எந்தப் பொம்பளைக்குத் தெரியாதுங்க?”

“சொல்லியிருக்கலாமே! மூணு நாளா நான் பட்ட பாடு!”

“கூடைல போட்ட சேலைக்கு நான் எதுக்குங்க யோசன சொல்லோணும்?” என்றாள்.

அந்தச் சேலையோடுதான் மேடை ஏறினாள். தலைமையாசிரியர் பொன்னாடை போர்த்தியபோது அரங்கில் எல்லாரும் கை தட்டினார்கள். மயில்சாமி மட்டும், பொன்னாடைச் சாயம் சேலையில் ஒட்டிவிடுமோ என்று முன்வரிசையில் பதைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வழக்கம்போலப் பல் துலக்கப் பொடக்காலிக்குப் போனார். வேப்பமரம் இருந்தது, கயிறு இருந்தது, கயிற்றில் ஒன்றுமில்லை. பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே திரும்பிப் போய்க் கூடையைப் பார்த்தார். மேலே அரக்குக் கரைச் சேலை. அதற்குக் கீழே பச்சைச் சேலை, அதற்கும் கீழே அந்த வெளுத்த நீலச் சேலை.

“ஏம்புள்ள,” என்று வாய் நிறைய நுரையோடு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “இதையெல்லாம் வெய்யில்ல போடறதா, நெழல்ல போடறதா?”

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. “அதெல்லாம் என்னைய எதுக்குங்க கேக்கறீங்க?”

மயில்சாமி வாயைக் கொப்பளித்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.